உப்புக் காற்றில் ஒரு சலவை இயந்திரம்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது பெய்த பெருமழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் புகுந்தது வெறும் மழைநீர் அன்று. மணலித் தொழிற்பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்த எண்ணெயும் அதில் கலந்திருந்தது. நீர் வடிந்தபின் பல வீடுகளில் எழுந்த கேள்வி, "நனைந்த பொருள்களில் எதைக் காப்பாற்றலாம், எதைத் தூக்கி எறிய வேண்டும்?" என்பதே. சலவை இயந்திரத்தைப் பொறுத்தவரை இதற்கு விடை காண, முதலில் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் வெள்ளம் வராத ஆண்டுகளிலும் இந்த இயந்திரத்துக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, கடலிலிருந்து வீசும் உப்புக் காற்று. மற்றொன்று, உப்பேறிய நிலத்தடி நீர். வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவுவது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்ட செய்தி. அதே மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்தது. ஆயினும் துணி துவைக்க ஆழ்குழாய் நீரையே நம்பும் வீடுகள் இன்றும் உண்டு.

இரு தொட்டிகள், இரு மோட்டார்கள்

நம் வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் 'செமி ஆட்டோமாட்டிக்' வகையை எடுத்துக்கொள்வோம். இதில் ஒரு தொட்டி துவைப்பதற்கு, மற்றொன்று பிழிவதற்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மோட்டார்.

துவைக்கும் தொட்டியின் அடியில் வட்டமான ஒரு சுழல்தட்டு இருக்கிறது. அதன் அச்சு தொட்டிக்குக் கீழே இறங்கி ஒரு பெரிய கப்பியில் முடிகிறது. மோட்டாரின் சிறிய கப்பியும் இந்தப் பெரிய கப்பியும் ஒரு ரப்பர் பெல்ட்டால் இணைக்கப்பட்டுள்ளன. சிறிய சக்கரம் பலமுறை சுழன்றால்தான் பெரிய சக்கரம் ஒருமுறை சுழலும். இதனால் வேகம் குறைந்து, முறுக்குவிசை கூடுகிறது. நனைந்த போர்வையைப் புரட்ட அந்த விசை வேண்டுமல்லவா?

பிழியும் தொட்டிக்குப் பெல்ட் கிடையாது. துளைகளுள்ள கூடை நேரே மோட்டார் அச்சின்மேல் அமர்ந்திருக்கிறது. கூடை நிமிடத்துக்கு ஏறத்தாழ 1350 முறை சுழல்வதாகவும், அதன் ஆரம் 12 செ.மீ. என்றும் கொள்வோம். கணக்கிட்டுப் பார்த்தால், சுவரோரம் உள்ள துணியின்மீது புவிஈர்ப்பைப் போல் சுமார் 240 மடங்கு விசை செயல்படுவது தெரியும். கூடையின் சுவர் துணியைத் தடுத்து நிறுத்துகிறது. நீரைத் தடுக்கத் துளைகளில் எதுவும் இல்லை. ஆகவே நீர் வெளியேறிவிடுகிறது.

ஒருபுறம் மட்டும் கனமான துணி சேர்ந்துவிட்டால் இதே விசை இயந்திரத்தை உலுக்கி எடுக்கும். 'டம டம' என்று ஓசை வந்தால் உடனே நிறுத்தித் துணியைச் சீராகப் பரப்புங்கள். அதன் பிறகும் ஆட்டம் நிற்காவிட்டால், மோட்டாரைத் தாங்கி நிற்கும் சுருள்வில்களில் ஒன்று துருவேறி முறிந்திருக்கலாம். கடலோர வீடுகளில் இது எதிர்பார்க்க வேண்டியதே.

உறுமுகிறது, ஓடவில்லை!

சுவிட்சைப் போட்டால் 'உம்' என்ற ஓசை மட்டும் கேட்கிறது, தட்டு அசையவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, கப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி. வீட்டு மின்சாரம் ஒற்றைக் கட்ட மின்சாரம். அது தனியாக நின்று மோட்டாரைச் சுழற்றத் தொடங்காது. மோட்டாரில் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. மின்தேக்கி ஒரு சுருளில் பாயும் மின்னோட்டத்தைச் சற்று முன்னதாகச் செல்லும்படி செய்கிறது. இந்தக் கால வேறுபாடே சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. மின்தேக்கி பழுதானால் காந்தப்புலம் சுழலாமல் வெறுமனே அதிரும். நாம் கேட்கும் உறுமல் அதுதான். மோட்டாரோடு ஒப்பிட்டால் மின்தேக்கியின் விலை மிகவும் குறைவு. எனவே "மோட்டார் போய்விட்டது" என்று யாரேனும் சொன்னால், "மின்தேக்கியைச் சோதித்தீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். மாற்றும்போது பழையதன்மேல் அச்சிட்டுள்ள மைக்ரோபாரட் அளவும் வோல்ட் அளவும் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, சிக்கிய பொருள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். எளிதாகச் சுழலவில்லையென்றால் அதன் அடியில் நாணயமோ, ஊக்கோ, கைக்குட்டையோ மாட்டியிருக்கலாம். அச்சின் பேரிங்கில் உப்புநீர் இறங்கித் துருப்பிடித்திருக்கவும் கூடும்.

மூன்றாவது, குறைந்த மின்னழுத்தம். மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 230 வோல்ட் 180 ஆகக் குறைந்தால் விசை பாதியளவை நோக்கி இறங்கி, ஏறத்தாழ 61 விழுக்காடே எஞ்சும். அந்த நிலையில் நீடித்து ஓட்ட முயன்றால் சுருள் சூடேறிக் கருகும்.

வேறு சில குறைகள்

மோட்டார் ஓடும் ஓசை கேட்கிறது, தட்டு மட்டும் சுழலவில்லை என்றால் பெல்ட் தளர்ந்துள்ளது அல்லது அறுந்துள்ளது. தளர்ந்த பெல்ட்டை, மோட்டாரின் திருகுகளை இளக்கி, சற்றுத் தள்ளி வைத்து இறுக்கலாம்.

தட்டு ஒரே திசையில் மட்டும் சுழன்றால் குற்றம் மோட்டாரில் இல்லை. திசையை மாறி மாறித் திருப்புவது டைமர். அதன் தொடுமுனை ஒன்று உப்பு ஈரத்தால் பச்சை பூத்திருக்கும்.

பிழியும் பக்கத்தின் அடியில் நீர் சொட்டினால் அலட்சியம் வேண்டாம். கூடையின் அச்சைச் சுற்றி ஒரு ரப்பர் உறை உண்டு. அது கிழிந்தால் நீர் நேரே கீழுள்ள மோட்டாரின் தலையில் விழும். சிறிய உறையை உடனே மாற்றினால் மோட்டார் பிழைக்கும்.

பிழியும் தொட்டியின் மூடியைத் திறந்ததும் கூடை சட்டென்று நிற்க வேண்டும். மூடியோடு இணைந்த கம்பி ஒன்று பிரேக்கை இயக்குகிறது. கம்பி துருவேறி இறுகிவிட்டால் மூடி திறந்த பின்னும் கூடை சுழன்றுகொண்டே இருக்கும். குழந்தைகள் கைவிட்டால் எலும்பு முறியும். பிரேக் சரியாகும்வரை அந்தத் தொட்டியைப் பயன்படுத்தாதீர்கள்.

முன்பக்கக் கதவுள்ள இயந்திரங்களில் வேறொரு சிக்கல். துருப்பிடிக்காத எஃகாலான உருளையைப் பின்புறம் தாங்குவது பெரும்பாலும் அலுமினியக் கலவையில் வார்த்த மூன்று கரங்கள். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறிய மின்கலம் ஆகிவிடும், அலுமினியம் அரிக்கப்படும். சலவைத்தூளின் காரமும் இதற்குத் துணைபோகும். மேலும் கடினநீரிலுள்ள கால்சியம், சூடேற்றும் கம்பியின்மேல் சுண்ணாம்புப் படிவாக ஒட்டிக்கொள்ளும். குழாய்நீர் கிடைக்கும் நாளில் கடைசி அலசலையாவது அதில் செய்வது நல்லது.

வெள்ளத்தில் நனைந்த இயந்திரம்

மோட்டார்கள் இயந்திரத்தின் அடிப்பகுதியில் இருப்பதை மேலே கண்டோம். எனவே வீட்டுக்குள் கணுக்கால் அளவைச் சற்றுத் தாண்டிய நீரே அவற்றை நனைத்துவிடும். "காய்ந்துவிட்டது, ஓட்டிப் பார்ப்போம்" என்று சுவிட்சைப் போடுவதே பலரும் செய்யும் தவறு.

நீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே தங்கிவிடும். கடல் உப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஆகவே காய்ந்ததுபோல் தோன்றும் சுருள் மறுநாள் கடற்காற்றில் மீண்டும் கசிந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அதனால்தான் மோட்டார் கட்டும் தொழிலாளர்கள் உப்புநீரில் மூழ்கிய சுருளை முதலில் நல்ல நீரில் கழுவி, பிறகு மிதமான சூட்டில் உலர்த்துகிறார்கள். அதன்பின் 500 வோல்ட் மெக்கர் கருவியால் சுருளுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையிலுள்ள மின்தடையை அளக்கிறார்கள். அது 1 மெக்ஓமுக்குக் குறைந்தால் மோட்டாரை ஓட்டக்கூடாது.

எண்ணெய் கலந்த வெள்ளம் என்றால் ரப்பர் பாகங்களையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி, மென்மையாகி, வலிமை இழக்கிறது. பெல்ட்டையும் ரப்பர் உறையையும் கழுவிப் பயனில்லை. புதிதாகப் போடுவதே முறை. எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் நீக்குங்கள். பெட்ரோலால் துடைக்காதீர்கள், ஒரு சிறு மின்பொறி போதும், தீப்பற்றிவிடும்.

உயிர் காக்கும் மூன்றாவது கம்பி

பின்மூடியைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வேலை தெரிந்தவர் அதன் இரு முனைகளையும் பழைய இழை பல்பு ஒன்றின் வழியே இணைத்து மின்னூட்டத்தை வடித்த பின்பே கை வைப்பார்.

ஈரத்தரையில் வெறுங்காலுடன் நின்று, ஈரக்கையால் தொடும் இயந்திரம் இது. எர்த் கம்பி இல்லாத இணைப்பில் இதை ஓட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். மூன்று முனைப் பிளக்கில் பெரியதாக உள்ள முனையே எர்த். பெட்டியில் அந்தத் துளை இருப்பதாலேயே உள்ளே கம்பி இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்; எலெக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்து அறியுங்கள். உப்பு மண்ணில் புதைத்த எர்த் குழாயும் சில ஆண்டுகளில் அரிக்கப்படும்.

அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்துவது நலம். உள்ளே செல்லும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்று அது ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டும் வேறுபட்டால் எங்கோ, ஒருவேளை ஒரு மனித உடலின் வழியே, மின்சாரம் கசிகிறது என்று பொருள். கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இயந்திரத்தைப் போட்டவுடன் ஆர்.சி.சி.பி. விழுந்தால் அதைத் திட்டாதீர்கள். நேர் இணைப்புக் கொடுத்து ஓட்டவும் முயலாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெக்கர் வைத்திருக்கும் தொழிலாளி ஒருவரைத் தேடிச் செல்லுங்கள்.