சியான் சிசென்: குரல் உயர்த்தாத ராஜதந்திரி

1982 மார்ச் 26 அன்று, பெய்ஜிங்கில் சீன வெளியுறவு அமைச்சகத்தின் முன்கூடத்தில் செய்தியாளர்கள் நின்றுகொண்டே காத்திருந்தார்கள். அமைச்சகத்தின் முதல் செய்தித் தொடர்பாளராக அவர்கள் முன் வந்த சியான் சிசென் மூன்றே வாக்கியங்களைப் படித்தார். சோவியத் தலைவர் பிரெஷ்னெவ் இரண்டு நாள் முன்பு தாஷ்கண்டில் ஆற்றிய உரையைக் கவனித்தோம். அதில் சீனாவைத் தாக்கிச் சொன்னவற்றை மறுக்கிறோம். இனி சோவியத் யூனியனின் செயலைத்தான் பார்ப்போம். சாரம் இவ்வளவுதான். 1969இல் எல்லையில் துப்பாக்கிச் சண்டை வரை போன பகை அது. அந்தப் பகைக்கு நடுவே கண்டனமும் வந்தது, பேசத் தயார் என்ற குறிப்பும் வந்தது. இப்படிக் கொஞ்சமாகப் பேசி நிறைய இடம் விட்டுவைக்கும் முறைதான், பின்னாளில் தனிமைப்பட்டு நின்ற சீனாவுக்குப் பெரிதும் கைகொடுத்தது என்பது என் வாதம்.

1928இல் பிறந்த சியான், 14 வயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். சோவியத் யூனியனில் படித்தார், மாஸ்கோ தூதரகத்தில் பணியாற்றினார், ஆப்பிரிக்காவின் கினியாவில் தூதராக இருந்தார். 1982 அக்டோபரில் தொடங்கிய சோவியத் பேச்சுவார்த்தையில் சீனாவின் சிறப்புத் தூதர் அவரே. எல்லையிலும் மங்கோலியாவிலும் குவிந்திருந்த சோவியத் படை, ஆப்கானிஸ்தான் ஆக்கிரமிப்பு, கம்போடியாவில் வியட்நாம் படை ஆகிய மூன்று தடைகளும் நீங்க வேண்டும் என்று சுற்றுக்குச் சுற்று ஒரே கோரிக்கையை வைத்தார். பல ஆண்டுகள் பலன் தெரியவில்லை. ஆனாலும் பேச்சை அவர் முறித்துக்கொள்ளவில்லை. 1988இல் வெளியுறவு அமைச்சரானார். அந்த டிசம்பரில் மாஸ்கோ சென்றார். 1989 மே மாதம் சோவியத் தலைவர் கோர்பச்சேவ் பெய்ஜிங் வந்தபோது முப்பதாண்டுப் பிணக்கு தீர்ந்தது.

அடுத்த மாதமே எல்லாம் தலைகீழானது. ஜூன் 4 அன்று பெய்ஜிங் தெருக்களில் போராடிய சொந்த மக்களை ராணுவம் சுட்டது. மேற்கு நாடுகள் தடை விதித்தன. சியான் மேற்கு நாடுகளோடு வாய்ச்சண்டையில் இறங்காமல், ஆசிய நாடுகளோடு உறவைச் சீர்ப்படுத்தும் வேலையில் இறங்கினார். 1990இல் சவூதி அரேபியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், 1991இல் வியட்நாம், 1992இல் இஸ்ரேல், தென் கொரியா என உறவுகள் வரிசையாக மலர்ந்தன அல்லது புதுப்பிக்கப்பட்டன. தென் கொரியாவை அங்கீகரிக்கும் கசப்பான செய்தியை வட கொரியாவின் கிம் இல் சுங்கிடம் நேரில் சொல்ல அவரே பியோங்யாங் பறந்தார். 1990 நவம்பரில், குவைத்தை ஆக்கிரமித்த ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தை அனுமதித்த 678ஆம் தீர்மானம் ஐ.நா. பாதுகாப்பு சபைக்கு வந்தபோது, சீனா வீட்டோவைப் பயன்படுத்தவில்லை, ஆதரித்தும் வாக்களிக்கவில்லை. நடுநிலை வகித்தது. மறுநாள் வாஷிங்டனில் அதிபர் புஷ் சியானைச் சந்தித்தார். உயர்மட்டச் சந்திப்புகளை அமெரிக்கா நிறுத்தி வைத்திருந்த காலம் அது.

இதெல்லாம் சீனத் தலைவர் டெங் சியாவோபிங் வகுத்த பாதை, சியான் அதை வெறுமனே செயல்படுத்தியவர்தான் என்று சொல்லலாம். திசை டெங்குடையதுதான். ஆனால் எந்தக் கதவை முதலில் தட்டுவது, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதைத் திசை மட்டும் தீர்மானித்துவிடாது. சீனச் சந்தையின் ஈர்ப்பே தடைகளைத் தளர்த்தியது என்ற மறுப்பு இன்னும் வலுவானது. வணிகர்களின் ஆசை உண்மைதான். அந்த ஆசைக்கு அரசியல் வழி அமைத்துத் தர வேண்டியிருந்தது. மேற்கின் தடைகளில் எளிதில் உடையக்கூடிய கண்ணி ஜப்பான் என்று கணித்ததையும், 1992இல் பேரரசர் அகிஹிதோவின் சீனப் பயணம் அந்தத் தடைகளை உடைக்க உதவியதையும் சியானே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அது தானாக நிகழ்ந்ததல்ல, திட்டமிட்டுச் செய்தது.

மூன்றாவது மறுப்புதான் மனதை உறுத்துகிறது. ஒரு படுகொலைக்குப் பொறுப்பேற்காத அரசைக் காப்பாற்றிய திறமையை எப்படிப் பாராட்டுவது? இதற்குச் சமாதானம் சொல்லக் கூடாது. ஜூன் 4இல் இறந்தவர்களின் முழுக் கணக்கைச் சீன அரசு இன்றுவரை தரவில்லை. சியானின் வெற்றி அந்த மௌனத்துக்கும் துணைபோனது. அவரைப் பற்றிய எந்த மதிப்பீட்டிலும் இது இடம்பெற வேண்டும். ஆயினும் ஜகார்த்தாவோடும் ஹனோயோடும் சியோலோடும் பகை தணிந்ததால் ஆசிய மக்கள் அடைந்த நன்மையும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

துணைப் பிரதமராகவும் இருந்த சியான், 2017 மே மாதம் தன் 89ஆம் வயதில் மறைந்தார். அதன் பிறகு சீனத் தூதர்கள் சிலர் பொதுவெளியில் காரசாரமாகப் பேசிப் பெயர் வாங்கினார்கள். அவர்களுடைய நாடு சியான் காலத்துச் சீனாவைவிடப் பல மடங்கு வலியது. அவ்வளவு வலிமை இல்லாத காலத்தில், எதிராளி மனம் மாறினால் திரும்பி வர வழி விட்டுப் பேசியவர் சியான். அந்த வழியை அடைக்காமல் வைத்திருப்பதே ஒரு தூதரின் முதல் கடமை என்று நான் நம்புகிறேன்.