இடக்கரடக்கலும் எங்கள் கிணறும்

தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தார் நன்னூலார். பலர் முன்னிலையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்லுதலே இடக்கரடக்கல். முப்பது ஆண்டுகளாக இதனை மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். ‘கால் கழுவி வந்தான்’ என்னும் உதாரணத்தைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் பின்வாங்கில் ஒரு சிரிப்பொலி எழும். அதனைக் கேளாதவன் போல நானும் அடுத்த உதாரணத்துக்குச் சென்றுவிடுவேன். அச்சிரிப்புக்குரிய பொருளே என் வீட்டில் ஒரு பெரும் பாடமாக வந்து அமரும் என்று நான் எண்ணியதில்லை. வாசகர்கள் பொறுத்தருள்க, இன்று அடக்காமலே சொல்லவேண்டியிருக்கின்றது.

எங்கள் வீட்டு மலசலகூடம், யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் பலவற்றிற் போலவே, வளவின் கோடியில் இருந்தது. 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களுள் ‘கக்கூசு’ என்பதும் ஒன்று. சொல் அவர்களுடையதாயினும், அதனை வீட்டைவிட்டு எட்ட வைத்த வழக்கம் நம்முடையது. எண்பத்து நான்கு வயதான என் தாயார் மழைக்கால இரவொன்றில் அங்குச் செல்லும் வழியில் வழுக்கி வீழ்ந்தார். எலும்பு முறியாதது இறைவன் அருள். அவ்வாரமே, அவருடைய அறையை அடுத்துக் கொமட் ஒன்று பொருத்துவதென்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் ஒருவர் மூலம் குழாய் வேலை செய்யும் இளைஞன் ஒருவன் வந்தான். அவன் சொன்ன கூலியில் ஐந்திலொரு பங்கை நான் பேசிக் குறைத்தேன். “பண்டிதர் ஐயா, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ, எல்லாம் நான் பாக்கிறன்” என்றான். நானும் யோசிக்கவில்லை, பார்க்கவுமில்லை. அந்த ஐந்து நாளும் விறாந்தையில் இருந்து விடைத்தாள் திருத்தினேன். அப்பக்கம் செல்வது என் தகைமைக்குப் பொருந்தாதென்ற எண்ணம் உள்ளே இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பணம் கொடுத்த மூன்றாம் நாள் துர்நாற்றம் தொடங்கியது. கேட்டபோது, “சீமெந்து இறுகினா மணம் போயிடும் ஐயா” என்றான். சீமெந்து இறுகியது, மணம் போகவில்லை. இரண்டாம் வாரம் கொமட் ஆடலாயிற்று. அதன் அடியிலிருந்து நீர் கசிந்தது. தண்ணீரை இழுத்துவிட்டால் குளியலறைத் தரையிலுள்ள துவாரம் குடகுடவென்று ஒலித்தது. ‘நாளைக்கு வாறன்’ என்ற நாளைகள் பல சென்றன. தாயார் மீண்டும் வளவின் கோடிக்கே கைத்தடியுடன் புறப்பட்டார். அதனைக் கண்ட அன்று, எழுபது வயதைக் கடந்த அனுபவசாலியான மேசனார் ஒருவரை அழைத்து வந்தேன்.

அவர் முதலிற் கருவியைத் தொடவில்லை, காதைக் கொடுத்தார். ஒரு வாளி நீரை ஊற்றிவிட்டுத் தரைத் துவாரத்தருகே குனிந்து கேட்டார். பின்னர், “ஐயா, இதுக்கு மூச்சுவிட வழியில்லை” என்றார்.

கொமட்டின் அடியில் வளைந்த கழுத்தொன்று உண்டு. அதில் எப்போதும் ஏறக்குறைய இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் தேங்கி நிற்கும். குழியின் காற்றை வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது அந்நீரே. இலண்டனில் வாழ்ந்த அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் 1775ஆம் ஆண்டு உரிமம் பெற்ற அமைப்பு இது. இன்று உலகிலுள்ள கொமட்டுகளெல்லாம் அவ்வளைவுக்குக் கடன்பட்டவை. ஆனால் நீர் விரைந்து குழாயில் இறங்கும்போது அதன் பின்னே காற்று நுழைய இடம் வேண்டும். கூரைக்கு மேலே எழும் காற்றுக்குழாய் அதற்காகவே வைக்கப்படுவது. அஃதில்லையேல், இறங்கும் நீர் அயலிலுள்ள வளைவுகளின் நீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டில் தரைத் துவாரத்தையும் அதே குழாயில் இணைத்துவிட்டுக் காற்றுக்குழாயை வையாது விட்டிருந்தான் அவ்விளைஞன்.

கொமட்டைக் கழற்றியபோது ஏனைய குறைகளும் வெளிப்பட்டன. இணைப்பில் இறப்பர் வளையம் இல்லை. பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து மேலே சீமெந்து பூசியிருந்தது. குழாய்க்குள் முட்டையளவு சீமெந்துக் கட்டியொன்று இறுகிக் கிடந்தது. பத்தடிக்கு மூன்று அங்குலம் சரியவேண்டிய நாலங்குலக் குழாய், இரசமட்டம் வைத்துப் பார்த்தபோது வீட்டை நோக்கியே சரிந்திருந்தது.

இவையெல்லாம் பணத்தாலே தீரும் குறைகள். பணத்தாலே தீராத ஒன்று வெளியே இருந்தது. குழியின் மூடியைத் திறந்து நீண்ட தடியொன்றை விட்டுப் பார்த்த மேசனார் என் முகத்தைப் பாராமலே, “அடி கட்டேல்லை ஐயா” என்றார். அடித்தளமும் இரண்டு அறைகளும் கொண்ட தொட்டி எனச் சொல்லப்பட்டது, நான்கு பக்கமும் கல் அடுக்கிய வெறும் பள்ளம். அங்கிருந்து கிணறு முப்பதடி.

எங்கள் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். வெடிப்பும் துளையும் நிறைந்த அக்கல்லின் வழியே மழைநீர் விரைந்து இறங்குகின்றது. நாம் குடிக்கும் கிணற்று நீர் அதுவே. அவ்வழியே மழைநீர் மட்டுமன்றி மலநீரும் இறங்கும். மணல் வடிப்பது போலக் கல் வெடிப்பு வடிக்காது. மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே ஐம்பதடிக்குக் குறையாமல் இருக்கவேண்டும் எனப் பொதுவாகக் கூறுவர். எங்கள் நிலத்துக்கு அதுவும் போதாது. 1854ஆம் ஆண்டு இலண்டனில் புரோட் வீதிக் கிணற்று நீரைக் குடித்து வாந்திபேதியால் இறந்தோர் 600 பேருக்கு மேற்பட்டவர். அக்கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில் இருந்த மலக்குழியொன்றின் செங்கற் சுவர் சிதைந்திருந்ததை மறு ஆண்டு தோண்டிப் பார்த்து அறிந்தார்கள்.

எங்களது பங்குக் கிணறு. மூன்று வீட்டார் அள்ளுகின்றனர். அடுத்த வீட்டில் மருமகள் முறையான பெண்ணுக்கு நான்கு மாதக் குழந்தை, புட்டிப்பால் குடிப்பது. நீரிற் கலந்த மலக்கிருமியைக் கொதிக்கவைத்து அழிக்கலாம். ஆனால் மலக்கழிவிலிருந்து உண்டாகும் நைத்திரேற்று கொதிப்பதால் நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். அது மிகுந்தால் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கும்.

அன்று மாலை வேலியோரம் அரைமணி நேரம் நின்றேன். எத்தனையோ மேடைகளில் தயங்காத நா அன்று தயங்கிற்று. ‘தண்ணீர் சற்றுக் கலங்கலாயிருக்கிறது’ என்று இடக்கரடக்கலாகச் சொல்லித் தப்பிவிடலாமோ என்றும் மனம் எண்ணியது. ஈற்றில், “பிள்ளை, எங்கடை கக்கூசுக் குழி கிணத்துக்குக் கசியுது. குழந்தைக்கு இந்தத் தண்ணி குடுக்காதை” என்றேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. “எப்ப தொடக்கம் மாமா?” என்று மட்டும் கேட்டாள். இரண்டு மாதம் என்றேன். அக்கேள்வியும் விடையும் இன்றும் என்னுள் கிடக்கின்றன.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நீர்மாதிரி எடுத்தார். கிருமி உண்டென்று அறிக்கை வந்தது. நைத்திரேற்று எல்லைக்குள்ளேயே இருந்தது. கிருமி எங்கள் குழியிலிருந்தே வந்ததென்று நிறுவ இயலாது; அதனைக் காரணங்காட்டி ஒதுங்கவும் நான் விரும்பவில்லை. கலிபவுசரைக் கொண்டு குழியை வெறுமையாக்கி, மண்ணிட்டு நிரப்பினோம். கிணற்றை இறைத்துக் குளோரின் இட்டோம். கிணற்றிலிருந்து தொண்ணூறடி தள்ளி, அடியும் சுவரும் பூசிய ஈரறைத் தொட்டியும், ஆழங் குறைந்து அகன்ற உறிஞ்சு குழியும் அமைத்தார் மேசனார். அவ்வேலை முழுவதும் நான் அருகிலேயே நின்றேன். மூன்று வீட்டுக்கும் குடிநீர் வாங்கிய செலவும் என்னுடையதே.

அவ்விளைஞனைத் தேடிச் சென்று கடிந்துகொண்டேன். தலைகுனிந்து நின்றவன், “பிழைதான் ஐயா. ஆனா அந்த அஞ்சு நாளிலை ஒருக்காலாவது வந்து பாத்தியளே?” என்றான். அவன் குற்றம் அதனாற் குறையாது. அடிகட்டாத குழிக்கு அடிகட்டியதாகப் பணம் வாங்கியவன் அவன். எனினும் அவ்வினாவுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. பாதிப் பணத்தைத் தவணையாகத் தருவதாகச் சொன்னான். இதுவரை ஒரு தவணை வந்திருக்கின்றது.

வீட்டில் இவ்வேலை செய்விப்போர், குழியை மூடுமுன் அதன் அடியைக் கண்ணாற் காண்க. கிணற்றுக்குள்ள தூரத்தை அளக்க. குழாயின் சரிவை மட்டம் வைத்துப் பார்க்க. காற்றுக்குழாய் கூரைக்கு மேல் எழுந்ததா என நோக்குக. இறுதிக் கூலியை ஒரு வாரம் பயன்படுத்திய பின்னரே கொடுக்க.

சென்ற வாரம் வகுப்பில் மீண்டும் இடக்கரடக்கல் வந்தது. வழக்கம்போலப் பின்வாங்கில் சிரிப்பெழுந்தது. இம்முறை நான் அடுத்த உதாரணத்துக்குச் செல்லவில்லை. சுண்ணக்கட்டியை எடுத்து ஒரு கிணற்றையும் ஒரு குழியையும் வரைந்து, இடையே உள்ள தூரம் எத்தனை அடி இருக்கவேண்டும் என்று கேட்டேன்.