இரண்டு முறை தோற்ற மாணவர்! உடம்பின் ரகசியத்தைக் கண்டுபிடித்த கதை

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஒரகடம் பக்கத்தில் இருக்கிறது வடக்குப்பட்டு. சுற்று வட்டாரம் எங்கும் தொழிற்சாலைகள். 'ஷிப்டு' முடித்த தொழிலாளி சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்.

மிதிக்கும் காலுக்குச் சக்தி எங்கிருந்து வந்தது?

"சாப்பிட்ட சோற்றில் இருந்து" என்பீர்கள். சரிதான். ஆனால் சோறு எப்படிச் சக்தி ஆகிறது?

இதைச் சொல்லித்தரும் படிப்புதான் உயிர் வேதியியல். 'பயோகெமிஸ்ட்ரி' என்பார்கள். இதில் சேரும் மாணவர்கள் தொடக்கத்திலேயே 'ஏ.டி.பி.' என்ற பொருளைப் பற்றிப் படிக்கிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு முறை தோற்றவர்!

அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

வீட்டை விட்டு ஓட்டம்

சுப்பாராவ் 1895-ம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. ஏழைக் குடும்பம். காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று, சிறு வயதில் வீட்டை விட்டு ஓடினார். தாய் விடவில்லை. பையனைத் திரும்ப அழைத்து வந்து, மீண்டும் படிக்க வைத்தார்.

மூன்றாவது முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி.

அங்கும் சோதனை! காந்தியடிகளின் சொல் கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

வீட்டிலும் இடி விழுந்தது. சகோதரர்கள் இருவர் 'ஸ்புரூ' என்ற நோயால் சில நாள் இடைவெளியில் இறந்து போனார்கள். ஓயாத வயிற்றுப்போக்கும் ரத்தசோகையும் தரும் நோய் அது.

நீல நிறம் சொன்ன சேதி

பிறகு சுப்பாராவ் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். வயிற்றுப்பாட்டுக்கு, ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைக் கழுவினார்.

அங்கே பிஸ்க் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, 1925-ல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார். ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நீலம் கூடினால், பாஸ்பரஸ் கூடுதல். பிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இன்றும் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

தசையில் உள்ள பாஸ்பரஸை ஆராயப்போய், 1929-ல் இருவரும் ஏ.டி.பி.யைக் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமன் என்பவரும் கண்டுபிடித்தார்.

ஏ.டி.பி. என்றால் என்ன? வீட்டில் மூட்டை மூட்டையாக நெல் இருக்கலாம். நெல்லைக் கொடுத்து பஸ்ஸில் டிக்கெட் வாங்க முடியுமா? சில்லறை வேண்டும் அல்லவா? சோறு, நெல் மூட்டை. ஏ.டி.பி., சில்லறை! தசை அசைய அந்தச் சில்லறைதான் செலவாகிறது. சாப்பாட்டில் உள்ள சத்து அதை மறுபடி நிரப்புகிறது.

தம்பிடி கூடக் கேட்காத உதவி

1940-ல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அவரது குழுவினர் 1945-ல் போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூ நோயில் வரும் ரத்தசோகைக்கு அது மருந்து! கர்ப்பிணிகளுக்குச் சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. யானைக்கால் நோய்க்குத் தரும் 'டி.இ.சி.' மாத்திரையும் அவரது குழு தந்ததே.

1948 ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் காலமானார். வயது 53. நோபல் பரிசு கிடைக்கவில்லை. கடைசிவரை தாயகம் திரும்பவும் இல்லை. ஊரில் காத்திருந்த மனைவி மீண்டும் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பிள்ளை பரீட்சையில் தோற்றுவிட்டால், திட்டுவதற்கு முன்பு பீமவரத்துத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை தோற்ற பையனை அந்தத் தாய் மூன்றாம் முறையும் பள்ளிக்கு அனுப்பினார்.