குடிநோய் மருத்துவத்தில் டைசல்ஃபிராம்: மருந்தும் அறிந்து உண்ணலும்

குடிநோயை ஒழுக்கக்கேடாக மட்டுமே காணும் பார்வை தமிழ்ச் சூழலில் இன்றும் வலுவாக உள்ளது. 1980இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம் அதனை நோயாக அணுகிய முன்னோடி அமைப்புகளுள் ஒன்று. நோய் எனக் கொண்டால் அதற்குரிய மருந்து எது என்னும் வினா எழுகிறது.

குடியை நிறுத்தியவுடன் தோன்றும் நடுக்கத்தையும் வலிப்பையும் டயசிபாம் வகை மருந்துகளும் தயமினும் கொண்டு சில நாட்களில் கட்டுப்படுத்தலாம். மீண்டும் குடிக்காமல் காப்பதே கடினம். நால்ட்ரெக்சோன் குடிவேட்கையைத் தணிக்கும். அகாம்ப்ரோசேட் குடியை விட்டவர் அந்நிலையில் நீடிக்க உதவும். இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிவரும் டைசல்ஃபிராமின் செயல்முறை வேறு. அது ஆல்கஹாலிலிருந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு சிதைவதைத் தடுக்கிறது. அதன்மேல் குடித்தால் முகம் சிவத்தல், வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியன நேரும். இவ்விளைவு குறித்த அச்சமே குடியைத் தடுக்கிறது.

மும்பையில் நூறு ஆண்களிடம் ஓராண்டு நடத்தி 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டைசல்ஃபிராம் பெற்றோருள் 86 விழுக்காட்டினரும் நால்ட்ரெக்சோன் பெற்றோருள் 44 விழுக்காட்டினரும் குடியாமல் இருந்தனர். இதனை மருந்தின் வெற்றியாக மட்டும் வாசிப்பது பொருந்தாது. மருந்து உட்கொள்வதை ஊக்குவித்து உடன்வரும் குடும்ப உறுப்பினரை உடையோரே அவ்வாய்வில் சேர்க்கப்பட்டனர். தாம் உண்பது எம்மருந்து என்பதையும் அவர்கள் அறிந்திருந்தனர். அது மறைக்கப்படும் ஆய்வுகளில் டைசல்ஃபிராமின் பயன் தெளிவாகப் புலப்படுவதில்லை.

குடிப்பவர் அறியாமல் உணவில் கலந்து கொடுக்கும் வழக்கம் இதனாலேயே பொருளற்றதாகிறது. அறியாதவருக்கு அச்சம் இல்லை. ஆபத்து மட்டுமே உண்டு. இதய நோயருக்கு அது உயிரையே பறிக்கலாம். கடைசியாகக் குடித்துப் பன்னிரண்டு மணி நேரமாவது கழிந்த பின்னரே இம்மருந்தைத் தொடங்க வேண்டும். நிறுத்திய பின்னும் இரு வாரம்வரை விளைவு நீடிக்கலாம். அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்துகளிலும் உள்ள ஆல்கஹாலும் பொருட்படுத்தத்தக்கதே. கல்லீரலைப் பாதிக்கக்கூடியதாகையால் இரத்தப் பரிசோதனையும் தேவை.

சாத்தான்குளம் போன்ற வட்டத் தலைநகரிலிருந்து பாளையங்கோட்டை அல்லது தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதந்தோறும் சென்றுவருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். இடைப்பட்ட நாட்களில் காலைதோறும் மாத்திரையைக் கையில் கொடுப்பவர் பெரும்பாலும் மனைவியோ தாயோதான். அவருக்கு மேற்கண்ட எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதித் தருவது மருந்துச்சீட்டின் ஒரு பகுதியாகவே கொள்ளத்தக்கது.