முதற் காமிரா

ஒளிப்படக் கலையில் ஆர்வங்கொண்டு காமிரா வாங்கப் புறப்படும் மாணவ நண்பர், கடையில் கேட்கும் முதற் கேள்வி, "எத்தனை மெகாபிக்சல்?" என்பதே. கேட்கத்தக்க கேள்விதான், ஆயினும் முதலில் கேட்கத்தக்கது அன்று. "நான் எதைப் படம் எடுக்கப் போகிறேன்?" என்று தம்மையே கேட்டுக்கொண்டு கடைக்குச் செல்பவரின் பணம் வீணாகாது.

மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளிகள். 1975-இல் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த டிஜிட்டல் காமிரா 10,000 புள்ளிகளாலான படத்தையே தந்தது. இன்று புள்ளிக்குப் பஞ்சமில்லை. பத்து அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 72 லட்சம் புள்ளிகள் போதும். சாதாரணக் கைபேசியே இதனைத் தாண்டிவிடும்.

அப்படியாயின் பார்க்க வேண்டியவை யாவை? ஒன்று, ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு. மழையில் வைத்த செம்பைவிட, வாயகன்ற அண்டாவில் மிகுதியான நீர் சேரும் அன்றோ? ஒளியும் அவ்வாறே. மற்றொன்று, லென்ஸ். அதன்மேல் 1.8, 5.6 என்றெல்லாம் எண்கள் காணப்படும். எண் சிறிதானால் திறப்பு பெரிது. 5.6-ஐவிட 1.8 ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும்.

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சந்திரகிரிக் கோட்டையின் ராஜமகாலும், திருமலையின் சிலாதோரணமும் பட்டப்பகலில் அசையாது நிற்பவை. அவற்றுக்குக் கைபேசியே போதும். தலகோனா அருவி காட்டு நிழலில் வீழ்வது. அதன் நீரைப் பட்டிழைபோல் காட்ட, ஷட்டர் வேகத்தை நாமே குறைக்கும் வசதியும், ஆடாத முக்காலியும் வேண்டும். மாலை விளக்கொளியில் நிகழும் நாடகத்துக்கு, 1.8 எண்ணுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏற்றது. சேஷாசலக் காட்டுப் பறவைகளுக்கோ தொலைவை அருகே கொணரும் நீண்ட லென்ஸ் தேவை. செலவு மிகுந்தது இதுவே. ஆகவே இதனைக் கடைசியில் வாங்கலாம்.

தயாரிப்பாளர்களின் கவனம் கண்ணாடியற்ற காமிராக்களின்பால் திரும்பியுள்ளது. ஆதலால் கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். வகை, ஒருவர் பயன்படுத்தியதாயின், மலிவாகக் கிடைக்கிறது. கற்பவருக்கு அதில் குறைவொன்றுமில்லை. வாங்குமுன் லென்சை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சிலந்திவலைபோல் பூஞ்சை தெரிந்தால் விட்டுவிடுங்கள். லென்ஸ் திறப்பை 16-இல் வைத்து வெள்ளைத் தாளைப் படமெடுங்கள். கரும்புள்ளிகள் தோன்றினால் சென்சாரில் தூசி உண்டு. பாட்டரிக்கும் நினைவட்டைக்கும் முக்காலிக்கும் பணம் ஒதுக்குங்கள்.

வீட்டார் வருந்தி அனுப்பும் பணத்தில் வாங்கும் பொருள் இது. எனவே முதலில் ஒரு மாதம் கைபேசியால் நாள்தோறும் படமெடுத்துப் பழகுங்கள். எந்தப் படம் கைகூடாமல் போகிறதோ, அதற்கு வேண்டிய கருவியை வாங்குங்கள். அதுவே உங்களுக்கு உகந்த காமிரா.