விழக் கற்றவரே எழக் கற்றவர்



தற்காப்புக் கலை என்ற சொல்லைக் கேட்டவுடன் பாய்ந்து அடிப்பதும் சுழன்று உதைப்பதும்தான் நம் மனக்கண் முன் தோன்றும். பிள்ளையை அத்தகைய பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோரும், எவரையும் வீழ்த்தும் வலிமை அவனுக்கு வந்துவிடும் என்றே எண்ணுகின்றனர். ஆனால், ஜப்பானியக் கலையாகிய அய்கிடோவின் பயிற்சிக் கூடத்தில் நுழையும் புதிய மாணவருக்குத் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் பாடம், தாம் எப்படி விழுவது என்பதேயாகும்.

விழுவதற்கும் ஒரு கல்வி வேண்டுமா என்று நீங்கள் வியக்கலாம். ஏன் வேண்டும் என்பதையும், அஞ்சி நடுங்கும் ஒரு புதிய மாணவர் அக்கல்வியில் எவ்வாறு துணிவு பெறுகிறார் என்பதையும் இங்கே காண்போம்.

கலையின் வரலாறு

அய்கிடோவை உருவாக்கியவர் மொரிஹேய் உயெஷிபா. 1883-ஆம் ஆண்டில் ஜப்பானின் வகயாமா மாநிலத்திலுள்ள தனாபே என்னும் ஊரில் பிறந்தவர். 5 அடிக்குச் சற்றே கூடுதலான உயரமுடையவர். பழைய போர்க்கலைகளைப் பயின்று தேர்ந்த அவர், 1931-இல் டோக்கியோ நகரில் தமக்கென ஒரு பயிற்சிக் கூடம் அமைத்தார். 1942-இல் அவருடைய கலைக்கு அய்கிடோ என்னும் பெயர் நிலைபெற்றது. 1969-இல் அவர் காலமானார்.

எதிராளியின் வலிமையோடு மோதாமல், அது வரும் திசையிலேயே அதனை வாங்கித் திருப்பிவிடுவது இக்கலையின் அடிப்படை. பெரும்பாலான அய்கிடோ பள்ளிகளில் போட்டிகள் நடத்தப்படுவதில்லை. இருவர் இணைந்து பயில்வர். ஒருவர் தாக்குவார், மற்றவர் அத்தாக்குதலைத் திருப்பிவிடுவார், தாக்கியவர் விழுந்து எழுவார். பிறகு இருவரும் இடம் மாறிக்கொள்வர். ஆகவே, ஒரு மாணவரின் பயிற்சியில் ஏறத்தாழப் பாதி, விழுவதும் எழுவதுமாகவே கழிகிறது.

இவ்வாறு விழும் முறைக்கு 'உகெமி' என்று பெயர். உடலால் ஏற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். தோல்வி என்னும் கருத்து அச்சொல்லில் இல்லை என்பதைக் கவனியுங்கள். 1882-இல் ஜிகொரோ கானோ தோற்றுவித்த ஜூடோ கலையிலும் இதே சொல்லே வழங்குகிறது.

அச்சம் செய்யும் தீங்கு

முப்பது, நாற்பது வயதில் முதன்முறையாகப் பயிற்சி விரிப்பின் மீது நிற்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிறுவர்கள் குட்டிக்கரணம் போட்டுச் சிரித்து விளையாடும் இடத்தில் அவருக்கு வியர்க்கிறது. குழந்தைக்கு நிலம் அருகில் இருக்கிறது; உடல் எடையும் குறைவு. வளர்ந்தவருக்கோ நிலம் தொலைவில் இருக்கிறது. முன்பு விழுந்து பட்ட அடிகளின் நினைவும் உடன் இருக்கிறது.

விழப்போகிறோம் என்று உணர்ந்த கணத்தில் மனித உடல் தானாகவே சில செயல்களைச் செய்கிறது. கையை நீட்டி நிலத்தில் ஊன்றப் பார்க்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு விறைக்கிறது. ஊன்றிய கையின் மீது உடல் எடை முழுவதும் இறங்குவதால், மணிக்கட்டு எலும்பு முறிவு மருத்துவர்கள் அடிக்கடி காணும் முறிவாக இருக்கிறது. பின்னோக்கி விழுபவர் கழுத்தைத் தளரவிட்டால் பின்மண்டை தரையில் மோதுகிறது.

பெட்டியைத் தள்ளிவிட்டால் அதன் மூலை தரையில் இடிக்கும். பந்தோ உருண்டு செல்லும். விறைத்த உடல் பெட்டியைப் போன்றது. முழங்கை, தோள்முனை, இடுப்பெலும்பு எனக் கூர்மையான இடங்களே முதலில் அடிபடும். வளைந்து தளர்ந்த உடலில் அதே விசை பரந்த இடத்தில் பரவி, சற்று நீண்ட நேரத்தில் தணிந்துவிடுகிறது. ஆக, அடிபடுவோமோ என்ற அச்சமே உடலை விறைக்கச் செய்து அடியை வரவழைக்கிறது.

படிப்படியான பயிற்சி

அரபி எழுத்துகளை அறியாத பிள்ளைக்கு நாம் முதல் நாளே ஸூராவை ஓதக் கொடுப்பதில்லை. அலிஃப், பா என்று தொடங்கி, ஜபர், ஜேர், பேஷ் கற்பித்து, எழுத்துக்கூட்டச் செய்து, அதன் பின்னரே ஓத விடுகிறோம். விழும் கல்வியும் அவ்வாறே நடைபெறுகிறது.

முதற்படியில் மாணவர் தரையிலேயே அமர்ந்திருக்கிறார். மோவாயை மார்போடு சேர்த்து, இடைக்கச்சையின் முடிச்சைப் பார்த்தவாறு, முதுகை வளைத்துப் பின்னோக்கி உருண்டு, மீண்டும் முன்னோக்கி வந்து அமர்கிறார். தலை விரிப்பைத் தொடலாகாது. மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். இவ்வளவுதான் பாடம். இதனைப் பலமுறை செய்தபின், குந்திய நிலையிலிருந்தும், பின்னர் நின்ற நிலையிலிருந்து ஒரு காலை மடக்கி மெல்ல அமர்ந்தும் உருள்கிறார்.

முன்னோக்கி உருள்வது இதனினும் கடினம். ஒரு முழங்காலை ஊன்றியபடி தொடங்க வேண்டும். கையை வட்டமாக வளைத்து, சுண்டுவிரல் பக்கத்து விளிம்பை விரிப்பில் வைக்க வேண்டும். அங்கிருந்து முன்கை, மேற்கை, தோள் என உடல் தொடர்ந்து தரையைத் தொட்டு, முதுகின் குறுக்கே சென்று, எதிர்ப்பக்க இடுப்பில் முடியும். வலத்தோளில் தொடங்கினால் இடப்பக்க இடுப்பில் முடிய வேண்டும். தலையும் கழுத்தும் இப்பாதையில் இடம்பெறவே கூடாது. முதுகெலும்பின் மீது நேராக உருள்வதும் தவறு.

தலை கீழாகி, கால் மேலாகும் அந்த ஒரு கணத்தில்தான் புதியவரின் உள்ளம் நடுங்குகிறது. பாதி வழியில் கையைத் தளரவிட்டுப் பக்கவாட்டில் சரிந்துவிடுகிறார், தோள் இடிபடுகிறது. நல்லாசிரியர் அவரை ஏளனம் செய்வதில்லை. 'துணிந்து பாய்' என்று தூண்டுவதுமில்லை. மீண்டும் முழங்காலிட்ட நிலைக்கே அழைத்துச் செல்கிறார். உயரம் குறையும்போது அச்சமும் குறைகிறது. அச்சம் குறைந்த உடல் தானாகவே வளைகிறது. ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் இருப்பது இயல்பு. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

முன்னேற்றத்தை அறிந்துகொள்ளக் கண்ணாடி வேண்டியதில்லை, காதே போதும். தொடக்கத்தில் 'தொப்' என்று கேட்ட ஓசை வாரங்கள் செல்லச் செல்ல மெலிந்து, ஒரு நாள் ஆடை உரசும் ஓசை மட்டுமே கேட்கும். உருண்ட வேகமே தம்மை நிமிர்த்தி நிற்கவைப்பதை அன்று அவர் உணர்கிறார்.

அதன் பிறகே இணையர் ஒருவர் அவரை வீழ்த்துகிறார். இங்கே ஓர் உயர்ந்த ஒழுக்கம் அடங்கியிருக்கிறது. விழுபவர் தம் உடலை மற்றவரிடம் ஓர் அமானிதமாக ஒப்படைக்கிறார். வீழ்த்துபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், விழுபவரால் தாங்க இயலும் வேகத்திற்கே தம்மைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்றில் தாமே விழ வேண்டியவர் என்பதால், அமானிதத்தின் அருமை அவருக்கும் நன்கு தெரியும்.

பெற்றோர் கவனத்திற்கு

இக்கல்வியை அவசரமாகக் கற்பிப்பதன் விளைவை ஜப்பானே கண்டு வருந்தியது. 1983-ஆம் ஆண்டுக்குப் பின் சுமார் முப்பது ஆண்டுகளில், அந்நாட்டுப் பள்ளிகளில் ஜூடோ பயின்ற 100-க்கும் மேற்பட்ட மாணவர்கள் உயிரிழந்தது தெரியவந்தபோது பெற்றோர் கொதித்தெழுந்தனர். தலைக்காயமே முதன்மையான காரணமாக இருந்தது. விழப் பழகி முடிக்காத முதலாண்டு மாணவர்கள் அவர்களுள் பலர். தலை தரையில் மோதாவிட்டாலும், திடீரென அது சுழற்றப்படும்போது மூளையின் மேலுள்ள இரத்த நாளம் அறுந்துபோகக் கூடும்.

ஆகவே, பிள்ளைகளைச் சேர்க்குமுன் விழும் பயிற்சிக்கு ஆசிரியர் எத்தனை வாரங்கள் ஒதுக்குகிறார் என்று கேளுங்கள். ஒரு வகுப்பை நேரில் அமர்ந்து பாருங்கள். விழுந்தபின் தலைவலி, வாந்தி, மயக்கம் தோன்றினால் பயிற்சியை உடனே நிறுத்தி மருத்துவரிடம் செல்வது கட்டாயம். படித்துவிட்டு வீட்டுச் சிமெண்டுத் தரையில் முயல வேண்டாம்.

மற்றொன்றும் உண்டு. பல அய்கிடோ கூடங்களில் வகுப்பின் தொடக்கத்தில் நிறுவனரின் படத்தை நோக்கித் தலைதாழ்த்தும் மரபு இருக்கிறது. ஜப்பானியர் அதனை மரியாதையாகக் கருதினாலும், குனிந்தும் சிரம் பணிந்தும் வணங்குவது அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்பது நம் கொள்கை. சேரும்போதே இதனை ஆசிரியரிடம் பணிவுடன் எடுத்துரைத்து, அவ்வேளையில் அமைதியாக நின்றிருக்க அனுமதி பெறுங்கள். பெண்மக்களுக்குப் பெண் ஆசிரியரும் தனி வகுப்பும் உள்ளனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வலிமை எது?

உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து உயிரிழப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் மதிப்பிட்டது. அவர்களுள் முதியோரே மிகுதி. உளூச் செய்யும் இடம் வழுக்காதிருப்பதும், குளியலறையில் பிடிமானம் ஒன்று பொருத்துவதும், இரவில் நடைவழியில் விளக்கு எரிவதும் அவர்களுக்கு எந்தக் கலையினும் மேலான காப்பாகும். இளமையிலோ நடுவயதிலோ முறையாக விழப் பழகுபவர், கால் இடறும் வேளையில் பதறாதிருக்கும் பக்குவத்தையேனும் பெறுகிறார்.

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் ருகானா என்னும் வலிமைமிக்க மல்லருடன் மற்போர் புரிந்து அவரை வீழ்த்திய செய்தி ஹதீஸ் நூல்களில் காணப்படுகிறது. அத்தகைய நபியவர்களே, பிறரை வீழ்த்துபவரைக் காட்டிலும் சினத்தின்போது தம்மை அடக்கிக்கொள்பவரே வலிமையாளர் என்று நமக்கு உணர்த்தியுள்ளார்கள். வீழ்த்துவதற்கு முன் விழப் பழகியவருக்கு, அடுத்தவரின் வலி எத்தகையது என்பது தெரிந்திருக்கும். அவ்வாறு தெரிந்த கை எளிதில் ஓங்காது.

நாள்தோறும் ஐவேளை தாமாகவே நிலத்தில் நெற்றி பதித்து எழும் சமுதாயம் நம்முடையது. தாழ்வதில் இழிவில்லை என்பதை நமக்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணிவோடு உடல்வலிமையையும் நம் பிள்ளைகள் பெற்று வளர வல்ல இறைவன் அருள்புரிவானாக! ஆமீன்.