ஆசட்டீக் தீவின் மட்டக்குதிரைகள்

அமெரிக்க நாட்டின் கிழக்குக் கரையை ஒட்டி, அட்லாண்டிக் பெருங்கடலில் ஆசட்டீக் என்னும் மணல் தீவு உள்ளது. அதன் நீளம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். முற்காலத்தில் மக்கள் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்று அங்கே காட்டு விலங்குகளாய்த் திரிகின்றன.

உவர்ச் சதுப்பில் விளையும் முரட்டுப் புல்லே அவற்றின் முதன்மையான உணவு. அப்புல்லில் உப்பு மிகுதி. ஆதலால் அவை மற்றக் குதிரைகளைவிட இருமடங்கு நீர் பருகும்; வயிறும் பருத்துத் தோன்றும். அதனைக் கொழுப்பு என்று எண்ணுதல் தவறு. கோடையில் ஈயும் கொசுவும் மொய்க்கும்பொழுது, ஆண் குதிரையும் பெண் குதிரைகளும் குட்டிகளும் சிறு கூட்டமாகக் கடற்காற்று வீசும் மணற்கரைக்கு வந்து நிற்கும்.

தீவில் கூடாரமிட்டுத் தங்குவோர் அக்காட்சியைக் கண்டு மகிழலாம். ஆயினும் 40 அடியேனும் விலகி நிற்றல் வேண்டும்; உணவு கொடுத்தலும் கூடாது. இவ்விதி எதற்காக? மனிதர் தரும் தின்பண்டத்தின் சுவையறிந்த குதிரை, புல்வெளியை விட்டுச் சாலையோரத்தில் வண்டிகளை எதிர்பார்த்து நிற்கப் பழகிவிடும். அவ்வாறு பழகி, வண்டி மோதி மாண்ட குதிரைகள் உண்டு. அன்புடன் நீட்டிய கையே அவற்றின் உயிர்க்குக் கேடாயிற்று. காட்டுயிரை அதன் போக்கில் வாழவிட்டு, எட்ட நின்று காண்பதே உண்மையான அருளாகும்.